அரசே என்று கூப்பிட்ட சொல்

என் அப்பத்தாவுக்குத் தெரிந்த செக்கு ஒன்றுதான். ஊர்க்கோடியில் புளியமரத்தடியில் ஒற்றை மாடு சுற்றிச் சுற்றி வர, கடலையும் எள்ளும் ஆட்டித் தருகிற செக்கு. ஒரு வருஷம் கடலை போட்ட பணத்துக்குக் கமிஷன் கடைக்காரர் ரொக்கம் தராமல் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டார். ஐயா அதை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு வந்து, "செக்கு குடுத்திருக்காக" என்று சொல்லித் திண்ணையில் உட்கார்ந்தார். அப்பத்தா தாளை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "இத வச்சு எண்ணெயா ஆட்டுறது?" என்றாள்.

செக்கு எது சிவலிங்கம் எது என்று தெரியாதவள் இல்லை அவள். பணம் எது, தாள் எது என்பதில்தான் அவளுக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகம் நியாயமானது என்று பத்து நாளில் தெரிந்தது. கணக்கில் பணமில்லை என்று செக் திரும்பி வந்துவிட்டது.

அந்த வார்த்தை இன்று எங்கள் வீட்டுக்குள் எத்தனை வேஷத்தில் நுழைகிறது என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். காலையில் பிரஷர் செக் பண்ணிக்கொள்கிறேன். மகன் செக்டு சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறான். சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா செக் பண்ணச் சொல்கிறாள் மனைவி. ரயிலில் செக்கர் வந்தால் கை போன திசையெல்லாம் டிக்கெட்டைத் தேடுகிறோம். மாவட்ட எல்லையில் செக்போஸ்ட். மாலைச் செய்தியில் ஒரு தலைவர் இன்னொரு தலைவருக்குச் செக் வைக்கிறார். மாதக் கடைசியில் ஹவுஸ் ஓனர், "செக்காவே குடுத்துடுங்க சார்" என்கிறார். சோதிப்பது, தடுப்பது, பணம் கொடுப்பது, கட்டம் போட்ட துணி. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாலைந்து தனித்தனிச் சொற்கள் ஒரே உச்சரிப்பில் வந்து மோதிக்கொண்டன போலத்தான் தோன்றும். அகராதியைப் பிரித்தால் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தகப்பன் பெயர் ஷா.

ஷா என்றால் பாரசீகத்தில் அரசன். அதன் பழைய வடிவம் கிஷாயதிய. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் மாமன்னன் தாரியஸ் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் தன் பெருமையைச் செதுக்கி வைத்தபோது தன்னைக் குறித்துக்கொண்ட சொல் அது. அதிகாரம், ஆளுகை என்று பொருள்படும் அந்த வேரிலிருந்துதான் சமஸ்கிருதத்தின் சத்திரியனும் கிளைத்தான். ஆகவே செக்போஸ்டும் சத்திரியனும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். பாரசீகன் அந்த நீளப் பெயரைத் தேய்த்துத் தேய்த்து ஓரசையாக்கினான். அரசர்கள் பெருத்துக்கொண்டே போக, அவர்களைக் குறிக்கும் சொல் சிறுத்துக்கொண்டே வந்தது.

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போன கதையை அவர்களே சுவையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் ஆண்ட குஸ்ரோ அனூஷிர்வானின் அவைக்கு இந்திய அரசன் ஒருவன் ஆட்டப் பலகையை அனுப்பி, முடிந்தால் விதியைக் கண்டுபிடியுங்கள் என்று சவால் விட்டானாம். அமைச்சன் புசுர்க்மிஹ்ர் உட்கார்ந்து யோசித்து விடுவித்துவிட்டானாம். கதையைக் கதையாக வைத்துக்கொள்வோம். சொல்லின் பாதை மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைச் சுட்டிய சதுரங்கம் பாரசீகத்தில் சத்ரங் ஆயிற்று. பாரசீகத்தை வென்ற அரபிகளிடம் ஷத்ரஞ்ச் ஆயிற்று. நாற்படை என்ற பொருள் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அரபிக்காரனுக்கு அது வெறும் ஆட்டத்தின் பெயர்.

அந்த ஆட்டத்தில் ஒரு மரியாதை இருந்தது. எதிராளியின் அரசனைத் தாக்கும் நிலைக்குக் காயை நகர்த்திவிட்டால், சத்தமில்லாமல் இருந்து அடுத்த முறையில் வெட்டிவிடக் கூடாது. வாய்விட்டு "ஷா!" என்று சொல்ல வேண்டும். அரசே! அவ்வளவுதான். உங்களுக்கு ஆபத்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் அந்த விளியிலேயே அடக்கம். சிப்பாய் செத்தால் கூப்பிட்டுச் சொல்வார் இல்லை. யானை விழுந்தாலும் குதிரை விழுந்தாலும் அப்படியே. அரசனுக்கு மட்டும் முன்னறிவிப்பு. தப்ப வழியே இல்லை என்றால் "ஷா மாத்". இறந்தான் என்ற அரபிச் சொல்லை அதில் காண்பவர்கள் உண்டு. திகைத்து, கதியற்று நின்றான் என்ற பாரசீகச் சொல்லைக் காண்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதே பிடிக்கிறது. அந்த ஆட்டத்தில் அரசனைப் பலகையிலிருந்து எடுப்பதே இல்லையே. ஓர் அடி முன்னால் ஆட்டம் நின்றுவிடுகிறது. இந்திக்காரர்கள் இன்றும் ஷஹ், மாத் என்றுதான் சொல்கிறார்கள். நாம் "ராஜாவுக்குச் செக்கு" என்கிறோம். வேர் தெரிந்து கேட்டால் அது ராஜாவுக்கு ராஜா. நடு சென்டர், கேட்டுக் கதவு வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அரபிகளோடு ஸ்பெயினுக்கும் சிசிலிக்கும் போன ஷாவுக்கு அங்கே புது உச்சரிப்பு கிடைத்தது. வாயின் ஓரத்தில் கரைந்துபோகும் அந்தக் கடைசி ஹகரத்தை ஐரோப்பியக் காது ககரமாகக் கேட்டது. லத்தீனில் ஸ்காக்குஸ். பழைய பிரெஞ்சில் எஷெக். ஆங்கிலத்தில் முன்னெழுத்தும் உதிர்ந்து செக். பிரெஞ்சுப் பன்மை எஷெக்ஸ் ஆங்கிலத்தில் செஸ் ஆகியது. அதாவது செஸ் என்றால் அரசர்கள். இன்றைய பிரெஞ்சில் ஒருமையில் எஷெக் என்றால் தோல்வி. பாரசீகத்தில் முடிசூடிக் கிளம்பியவன் பாரிசுக்குப் போய்ச் சேர்வதற்குள் தோற்றுப்போனான்.

அடுத்து வருவதுதான் இந்தச் சொல்லின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அது ஒரு மேஜை.

பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து. ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசனுக்குச் சேர வேண்டியதை வசூலிப்பவன் ஷெரிஃப். வருஷத்துக்கு இரண்டு முறை, ஈஸ்டரை ஒட்டியும் செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளை ஒட்டியும் அவன் வந்து கணக்கு ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்கிற இடத்தில் போட்டிருந்த மேஜையின் அளவைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் ஹென்றியின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் பிற்பகுதியில் ஆசிரியனும் மாணவனும் பேசிக்கொள்வதாக லத்தீனில் ஒரு நூல் எழுதத் தொடங்கினார். மேஜை அந்த நூலில் இருக்கிறது: பத்தடி நீளம், ஐந்தடி அகலம். காய்கள் உருண்டு விழாதிருக்கச் சுற்றிலும் நாலு விரற்கடை உயரத்தில் ஒரு விளிம்பு. மேலே ஈஸ்டர்தோறும் புதிதாக வாங்கி விரிக்கும் கறுப்புத் துணி. அதில் ஓர் அடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள். பார்க்கச் சதுரங்கப் பலகை. பலகைக்கு லத்தீனில் ஸ்காக்காரியம். அதுவே அந்த அலுவலகத்துக்கும் பெயராயிற்று. ஆங்கிலத்தில் எக்ஸ்செக்கர். பிரிட்டிஷ் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் இன்றைக்கும் அந்தத் துணி விரிந்து கிடக்கிறது.

துணி எதற்கு? ரோமன் எழுத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கழுத்தறுப்பு. அதில் இடமதிப்பு இல்லை, பூஜ்யமும் இல்லை. எழுதி வைக்கலாமே தவிர எழுத்தைக்கொண்டு கணக்குப் போட முடியாது. ஆகவே ஒரு வரிசை பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுனுக்கு, பிறகு இருபது பவுன், நூறு, ஆயிரம் என்று கோடு கிழித்து, கட்டத்துக்குள் காய்களை அடுக்கினார்கள். எந்தக் கட்டத்தில் காய் இல்லையோ அது பூஜ்யம். இந்தியாவில் பிறந்த பூஜ்யம் அந்த ஊருக்கு எழுத்தாகப் போய்ச் சேருவதற்கு முன்னால், காலியான கட்டமாக அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தது. அங்கே இந்தியாவிலிருந்து போன ஆட்டத்தின் பெயரும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டிருக்காது என்பது வேறு விஷயம்.

ஷெரிஃபுக்குப் பெரும்பாலும் எழுத்து வராது. மேஜைக் கணக்குக்கு எழுத்து வேண்டாம். தர வேண்டியது மேலே ஒரு வரிசை, தந்தது கீழே ஒரு வரிசை. ஒவ்வொரு கட்டமாகக் கழித்துக்கொண்டே வந்தால், மிச்சம் எவ்வளவு என்று சுற்றி நிற்பவன் எல்லோருக்கும் கண்ணுக்கு நேரே தெரிகிறது. பெயருக்குக் காரணம் கேட்கும் மாணவனுக்கு ஃபிட்ஸ்நீல் இரண்டு விடை தருகிறார். ஒன்று, பலகையின் தோற்றம். மற்றது இன்னும் நுட்பமானது: இங்கேயும் போர் நடக்கிறது, பொருளாளருக்கும் ஷெரிஃபுக்கும், மற்றவர்கள் நடுவர்களாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஆட்டம் புரட்டிப்போடப்பட்டுவிட்டதைக் கவனியுங்கள். அரசனைப் பார்த்துச் சொன்ன சொல்லை இப்போது அரசன் எடுத்துக்கொண்டான். பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் அவனுடைய ஆள்தான். முற்றுகை அந்த ஆள் மீதுதான்.

ஷெரிஃப் பணத்தைக் கட்டியதற்கு என்ன அத்தாட்சி? ஒரு குச்சி. ஹேசல் என்ற மரத்தின் கிளையைச் சீவி, அதில் வெட்டுகள் போடுவார்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை கனத்துக்கு ஒரு வெட்டு. நூறு பவுனுக்குப் பெருவிரல் அகலம். இருபதுக்குச் சுண்டுவிரல். ஒரு பவுனுக்கு முற்றிய வாற்கோதுமை மணி அளவு. ஷில்லிங்குக்கு அதைவிடச் சிறிது. பென்னிக்குக் கத்தி பட்ட கீறல். வெட்டிய பிறகு குச்சியை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்குப் பாதி. அடுத்த முறை வரும்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டோடு வெட்டு பொருந்த வேண்டும், மரத்தின் ரேகையோடு ரேகை ஓட வேண்டும். ஒருவன் தன் பாதியில் கள்ளத்தனமாக ஒரு வெட்டைக் கூட்டினாலும் மற்றவன் பாதி காட்டிக்கொடுத்துவிடும். இதற்குப் பெயர் டேலி. நம் கடைத்தெருவில் கணக்கு டேலி ஆகவில்லை என்று இரவு பத்து மணிக்குத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை, பொருந்தாத இரண்டு குச்சிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தமிழில் முறி என்றால் துண்டு; முறி என்றால் பத்திரமும். இலங்கையில் மத்திய வங்கியின் கடன் பத்திரத்தைப் பிணைமுறி என்றே எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைச் செய்தித்தாளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிளந்த குச்சி நினைவுக்கு வரும். செக்புக்கிலிருந்து தாளைக் கிழித்த பிறகு மிஞ்சுவதற்கு நம்மவர்கள் வைத்த பெயர் இன்னும் அழகு: அடிக்கட்டை. மரம் வெட்டிய இடத்தில் நிற்பது அல்லவா அது!

குச்சிகளின் முடிவைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவற்றை ஒழிக்க 1782ல் சட்டம் வந்தது. பதவியில் இருப்பவர்கள் இருக்கும்வரை இருந்துவிட்டுப் போகட்டும் என்ற தாட்சண்யத்தில் 1826 வரை புழக்கத்தில் இருந்தன. பிறகு வெஸ்ட்மின்ஸ்டரில் மலைபோலக் குவிந்து கிடந்தன. 1834 அக்டோபர் 16 அன்று இரண்டு வண்டிக் குச்சிகளைப் பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த உலைகளில் போட்டு எரிக்கச் சொன்னார்கள். காய்ந்த மரம், நூற்றாண்டுகளாகக் காய்ந்தது. புகைபோக்கி தாங்கவில்லை. அன்று இரவு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளும் எரிந்து சாம்பலாயின. ஓவியர் டர்னர் அதைப் பார்த்து இரண்டு படங்கள் தீட்டினார். இருபது வருஷம் கழித்து 1855ல் நாவலாசிரியர் டிக்கன்ஸ் ஒரு கூட்டத்தில் இதைச் சொல்லிக் காட்டி, அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு அடுப்பெரிக்கக் கொடுத்திருக்கலாமே என்று கேலி செய்தார். அரசாங்கக் குச்சியை ஏழை அடுப்பில் வைப்பதற்கு விதியில் இடமில்லை போலிருக்கிறது.

குச்சியின் இரண்டு பாதியை நான் கையால் தொட்டதில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். கல்லூரி முடித்து வேலை கிடைக்காத இரண்டு வருஷம் மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவருக்கு உதவியாள். ஈய எழுத்துக் காலம். அவர் மெய்ப்பைக் கையில் வைத்திருப்பார். நான் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க வேண்டும். வெறுமனே வாசிப்பது கிடையாது. "வந்தான் கமா பார்த்தான் கமா போனான் முற்றுப்புள்ளி பாரா" என்று ராகம் போட்டுப் படிக்க வேண்டும். அவர் உதடு அசையாமல் சிவப்பு மசிப் பேனாவை வரிக்கு மேலே பிடித்துக்கொண்டு கேட்பார். பேனா காகிதத்தைத் தொடாமல் அரை அங்குலம் மேலே நகர்ந்துகொண்டே இருக்கும். சட்டென்று இறங்கும், ஒரு சுழி, மறுபடி ஏறிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், ஆசிரியர் எழுதியிருந்த ஒரு தப்பான ஒற்றெழுத்தை நானே மனதுக்குள் சரிசெய்துகொண்டு படித்துவிட்டேன். பேனா நின்றது.

"அங்க என்ன இருக்கு?"

சொன்னேன்.

"இருக்கிறதப் படி தம்பி. திருத்துறதுக்கு நான் இருக்கேன். நீயும் திருத்துனா அப்புறம் ரெண்டு பேரு எதுக்கு?"

அன்றைக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. சரிபார்த்தல் என்ற நம் சொல்லுக்குள்ளேயே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. சரி என்றால் சமம். எதற்கு எது சமம் என்று கேட்க இரண்டு பொருள் வேண்டும். ஒற்றைப் பாதிக் குச்சியை வைத்துக்கொண்டு எதையும் சரிபார்க்க முடியாது.

ஆங்கிலக் கவி சாசருக்கும் இந்த வேலைதான் சோறு போட்டது. 1374ல் அவர் லண்டன் துறைமுகத்தில் கம்பளி, தோல் சுங்கத்துக்குக் கண்ட்ரோலராக நியமிக்கப்பட்டார். கண்ட்ரோல் என்ற வார்த்தையின் பூர்விகம் எதிர்ச்சுருள். அதாவது வரி வசூலிப்பவன் எழுதும் சுருளுக்கு எதிராக இன்னொருவன் தனியாக எழுதும் சுருள். சாசர் அதைத் தன் கைப்படவே எழுத வேண்டும், ஆள் வைத்து எழுதக் கூடாது என்று நியமனத்திலேயே நிபந்தனை. அவர் தன் இளமைக் காவியமொன்றில், காதலியை இழந்த வீரன் விதியென்னும் பெண்ணோடு சதுரங்கம் ஆடித் தோற்றதாகப் பாடியவர். அவள் வாயில் செக் என்ற சொல்லையும் வைத்தார். ஆட்டத்தின் அச்சொல்லைக் கவிதையாக்கியவரே பகலில் அதை உத்தியோகமாகப் பார்த்திருக்கிறார். அவர் காலத்தில் செக் என்றால் தாக்கு, தடை, அவ்வளவுதான். சோதித்துப் பார்ப்பது என்ற பொருள் ஒட்டிக்கொள்ள இன்னும் முந்நூறு வருஷம் ஆயிற்று. ஓடுகிறவனை நிறுத்தினால்தானே பையைப் பிரித்துப் பார்க்க முடியும். நிறுத்தல் முதலில் வந்தது, பார்த்தல் பின்னால் வந்தது.

பணத்துக்கு அது பெயரானதும் அந்தப் பார்த்தலால்தான். பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்து வங்கிகளில் கள்ளக் கையெழுத்துத் தொல்லை. பணம் எடுக்கும் சீட்டில் ஒரு பாதியைக் கிழித்துக் கொடுத்து, மறுபாதியைச் சரிபார்ப்பதற்காக வைத்துக்கொண்டார்கள். முதலில் செக் என்று பெயர் வாங்கியது கையில் நின்ற அந்தப் பாதி, நம் அடிக்கட்டை. போகப்போகப் பெயர் கட்டையை விட்டுத் தாளுக்குத் தாவிவிட்டது. பிற்பாடு ஆங்கிலேயர் எக்ஸ்செக்கர் நினைப்பில் எழுத்துக்கூட்டலை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர் பழையபடியே எழுதுகிறார்கள். நாம் காசோலை என்றோம். காசு, ஓலை இரண்டும் கையைவிட்டுப் போன காலத்தில் செய்த சொல். ஆனாலும் மொழிபெயர்ப்பு வாசனை அடிக்காத சொல். நம்பிக்கையைத்தான் அதற்குள் மொழிபெயர்த்து வைக்க முடியவில்லை. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1988ல் திருத்தம் செய்து 138ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். பணமில்லாமல் செக் திரும்பினால் ஜெயில் என்று ஆயிற்று. எங்கள் ஐயா காலத்தில் அந்தப் பிரிவு இல்லை. அவர் அந்தத் தாளைக் கடைசிவரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். கடலையை ஆட்டி எண்ணெயாவது எடுத்திருக்கலாம் என்று அப்பத்தாவும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

துணிக்கு வருகிறேன். சதுரங்கப் பலகைபோல நெய்த துணி செக்டு துணி. இதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. சென்னையைச் சுற்றியும் ஆந்திரத்துச் சீராலாவிலும் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி, ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப் என்ற வணிகப் பெயரோடு மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. பெயர்தான் கைக்குட்டை, அங்கே இடுப்பில் உடுத்தும் உடை. நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் இதற்கு வைத்த பெயர் இன்ஜிரி. அவர்களுடைய பெண்கள் செய்தது விசித்திரம். புதுத்துணியை எடுத்து, பிளேடால் சில நூல்களை மட்டும் அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுவார்கள். கட்டத்துக்குள் புதுக் கட்டம் பிறக்கும், வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய கோலம் ஒன்று வந்துவிடும். நம் நெசவாளி ஓர் இழை தப்பக்கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கோத்ததை அவள் ரசித்து ரசித்துப் பிரிக்கிறாள். அப்படிக் குறைத்த பிறகுதான் அது கலபாரித் துணி. கணக்கு மேஜையின் கட்டத்துக்கும் அவளுக்கும் பகை ஏதோ இருந்தது என்று கற்பனை செய்துகொள்வது என் வழக்கம்.

இந்தக் கட்டம் என்ற நம் சொல்லும் லேசுப்பட்டது இல்லை. லுங்கியில் கட்டம், பலகையில் கட்டம், ஜாதகத்தில் கட்டம். "என் கட்டம் சரியில்ல" என்றால் கிரகம் மட்டுமா, மேலதிகாரியும் சேர்த்துத்தான். காலத்தையும் கட்டமாக அறுத்து வைத்திருக்கிறோம்: முதற்கட்டப் பேச்சுவார்த்தை, நெருக்கடியான கட்டம். கட்சிப் பத்திரிகையில் நீக்கல் அறிவிப்பைக் கோடு சூழ்ந்து போடுவதால், ஒருவரை ஒதுக்கத் தீர்மானித்துவிட்டால் "அவரைக் கட்டம் கட்டிட்டாங்க". பாரசீக அரசன் ஒருவனின் துணையில்லாமலே நாமும் சதுரத்துக்குள் மாட்டிக்கொள்வதற்கு ஒரு சொல் வைத்திருந்திருக்கிறோம்.

மாட்டிக்கொள்வது என்றதும் செக்போஸ்ட் வந்துவிடுகிறது. சோதனைச்சாவடி என்று பலகை எழுதினாலும் டிரைவர் சொல்வது செக்போஸ்ட்தான். நள்ளிரவில் பஸ் நிற்கும். டார்ச் வெளிச்சம் ஜன்னல் வழியாக முகத்தில் விழும். காலுக்கடியில் இருக்கும் பையை எவனோ நம்முடையதா என்று கேட்பான். நம்முடையதுதானா என்று நமக்கே ஒரு கணம் சந்தேகம் வரும். இது எங்கள் பக்கத்து அனுபவம், சில நிமிஷத்தில் முடிந்துவிடும். இலங்கையின் ஓமந்தைச் சாவடியைக் கடந்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். 2002ல் ஏ9 வீதி திறந்ததிலிருந்து 2006ல் மூடும்வரை அவர் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் பலமுறை போய்வந்தவர். வெயிலில் வரிசை, இறக்கிய மூட்டைகளை மறுபடி ஏற்றுதல், அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் கண்கள். "அட்டையில் இருக்கிற ஆளும் நானும் ஒண்டுதான் எண்டு ஒவ்வொரு முறையும் புதுசா நிரூபிக்க வேணும்" என்றார். குச்சியின் ஒரு பாதி அவர் கையில். இன்னொரு பாதி அவருடைய முகம். பொருந்துகிறதா என்று பார்ப்பவன் துப்பாக்கி வைத்திருந்தான்.

ஒருகாலத்தில் அரசனுக்கு ஆபத்து என்று குடிமகன் கூவிய சொல். அதைக் கேட்டதும் நெஞ்சு படபடக்க வேண்டியவன் அரசன். இப்போது யாருக்குப் படபடக்கிறது?

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய பேத்திக்குப் பத்து வயது. மாமல்லபுரத்தில் 2022ல் செஸ் ஒலிம்பியாட் நடந்ததிலிருந்து எங்கள் குடும்பத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் பல் முளைத்ததும் செஸ் கிளாஸ். சுருட்டி வைக்கும் பிளாஸ்டிக் விரிப்பைத் தரையில் விரித்துக்கொண்டு, "சின்னத் தாத்தா, ஒரு கேம்" என்றாள். நான் ஆடிய காலத்தில் கரிக்கட்டையால் கோடு கிழித்த பலகை. பதினைந்து நகர்த்தலுக்குள் ஒரு குதிரையும் இரண்டு சிப்பாயும் போய்விட்டன. எப்படியோ ஒரு சந்து கிடைத்தது. மந்திரியைக் குறுக்கே இழுத்து அவளுடைய ராஜாவுக்கு நேராக வைத்து, கூடத்தில் இருப்பவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி "செக்கு!" என்றேன்.

அவள் பலகையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"அத வாயால சொல்ல வேணாம் சின்னத் தாத்தா. டோர்னமெண்ட்ல யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்குத்தான் தெரியுதே."

ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்தாள். ராஜா விட்டுப்போன இடத்துக்குப் பின்னால் அவளுடைய யானை நின்றிருந்தது. அதற்கு நேர்கோட்டில் என் ராணி.

"உங்க ஆட்டம்" என்றாள்.